கூரையில் ரேடியோ, ஏட்டில் விலாசம்

(தோவாளையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இணையம் பற்றிப் பேச அழைத்தீர்கள். வேகம் எவ்வளவு, மாத வாடகை எவ்வளவு, எந்தக் கம்பெனி நல்லது என்று பேசுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்தது அதைவிடச் சின்னதாகத் தெரிகிற ஒரு விஷயம். மொட்டை மாடியில் இரும்புக் குழாயில் மாட்டியிருக்கிறதே ஒரு சின்ன டிஷ், காற்றுவழியாக இணையம் வாங்கும் ரேடியோ, அதற்கு முதன்முதலில் மின்சாரம் கொடுத்ததும் தான் யார் வீட்டு ரேடியோ என்பது அதற்கு எப்படித் தெரிகிறது? ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா, இல்லை அதுவே கேட்டுத் தெரிந்துகொள்ளுமா? ஓர் ஊரில் காற்றுவழி இணையம் இரண்டு வருஷத்தில் படுத்துவிடுமா, நின்று நிலைக்குமா என்பது இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில் இருக்கிறது. இது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

தோவாளையில் நின்று இதைப் பேசுவதும் பொருத்தம்தான். நம் தாலுகாவின் அமைப்பைப் பாருங்கள். கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய். வடக்கே மலைத்தொடர். தாடகை மலை அடிவாரத்திலிருந்து கீரிப்பாறை ரப்பர் தோட்டம் வரை வீடுகள் சில இடத்தில் கொத்தாகவும் சில இடத்தில் தனித்தனியாகவும் கிடக்கின்றன. நாகர்கோவில் சாலையை ஒட்டிய ஊர்களுக்குக் கண்ணாடியிழைக் கேபிள் வருவதில் பெரிய சிரமம் இல்லை. உள்ளே தோப்புக்கு நடுவில் இருக்கும் நாலு வீட்டுக்காக ஒரு கிலோமீட்டர் கேபிள் இழுக்க எந்த ஆபரேட்டருக்கும் கட்டுப்படியாகாது. இழுத்தாலும் ஒரு தென்னை மட்டை விழுந்தால் இணைப்பு போய்விடும். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழை கொண்டுபோவது பாரத்நெட் திட்டத்தின் இலக்கு. நல்ல இலக்கு. ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை இழை வந்துவிட்டாலும், அங்கிருந்து தோப்பு வீடு வரையுள்ள மிச்சத் தூரத்துக்கு என்ன வழி? அந்த மிச்சத் தூரத்தில்தான் ரேடியோவுக்கு வேலை இருக்கிறது.

சட்டமும் வழிவிட்டிருக்கிறது. 2005-இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்த மத்திய அரசு அனுமதித்தது. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸைக் கட்டடத்துக்கு வெளியிலும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. இணையச் சேவை நடத்த உரிமம் வேண்டும்; இந்த அலைவரிசைகளுக்குத் தனியாக வாங்க வேண்டியதில்லை. பி.எஸ்.என்.எல். நிறுவனம் உள்ளூர்க் கூட்டாளிகளை வைத்து பாரத் ஏர்ஃபைபர் என்ற சேவையைத் தொடங்கியதும் இந்தத் திறந்த அலைவரிசையை நம்பித்தான். 2023-இல் ஏர்டெல்லும் ஜியோவும் தத்தம் ஏர்ஃபைபர் சேவைகளைக் கொண்டுவந்தன. ஆக, மாடியில் ரேடியோ வைப்பது இனி அபூர்வமான காட்சியாக இருக்காது.

இப்போது ஒரு வீட்டு மாடிக்குப் போவோம். கடுக்கரைப் பக்கம், டவரிலிருந்து நான்கு கிலோமீட்டரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு வந்த தம்பி குழாயை மட்டம் பார்த்துக் கைப்பிடிச் சுவரில் கிளாம்ப் போட்டு முறுக்குகிறார். ரேடியோவை மாட்டி, லேன் கேபிளை ஜன்னல் வழியே உள்ளே இறக்குகிறார். கேபிள் முனையில் எட்டுக் கம்பிகளையும் நிறம் பார்த்து வரிசையாக அடுக்கி கிரிம்ப் செய்கிறார். பி.ஓ.இ. அடாப்டரில் செருகினால் அந்த ஒரே கேபிளில் மின்சாரம் மேலே போகும், இணையம் கீழே வரும். பிறகு டிஷ்ஷை இம்மி இம்மியாகத் திருப்பி சிக்னல் பார்க்கிறார். மைனஸ் 75 டி.பி.எம். காட்டுகிறது, இன்னும் கொஞ்சம் திருப்புகிறார், மைனஸ் 68, இன்னும் ஒரு இழை, மைனஸ் 60. போல்ட்டை இறுக்குகிறார். இந்த நான்கு கிலோமீட்டர் வழியில், சரியாக நடுவில், அலை ஏறக்குறைய 7 மீட்டர் ஆரத்துக்கு உப்பிப் போகும். அதில் பாதிக்கு மேல் மறைக்கிற மாதிரி ஒரு தென்னையின் தலை வளர்ந்தால் இணைப்பு தளரும். மழையில் நனைந்த ஓலை இன்னும் மோசம். இதையெல்லாம் பார்த்து இடம் தேர்ந்தெடுப்பது அந்தத் தம்பியின் கண்ணும் கையும் செய்கிற வேலை. அதைச் செய்ய மனிதர் வேண்டும். அதை எந்திரத்திடம் கொடுக்கச் சொல்லி நான் பேச வரவில்லை.

அடுத்து நடப்பதுதான் நம் பேச்சு. தம்பி மடிக்கணினியைத் திறக்கிறார். உச்சி வெயில், திரை தெரியவில்லை, தலைக்குமேல் துண்டைப் போட்டுக்கொண்டு பார்க்கிறார். எந்த டவரின் எந்தப் பக்கத்து ஆன்டெனாவைப் பிடிக்க வேண்டும், எந்தச் சானல், சானலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸா 40-ஆ, அதன் கடவுச்சொல், எவ்வளவு சக்தியில் அனுப்ப வேண்டும், வீட்டுக்காரர் எடுத்த பிளானின் வேகம், இணைப்பில் நுழைய அவருக்குக் கொடுத்த பி.பி.பி.ஓ.இ. பயனர் பெயர், இந்த ரேடியோவுக்குள் நுழைவதற்கான நிர்வாகக் கடவுச்சொல் என்று ஒவ்வொன்றாகத் தட்டுகிறார். தூரம்கூட ஒரு செட்டிங்தான். ரேடியோ அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் போகும். நான்கு கிலோமீட்டர் போக 13 மைக்ரோ விநாடி, பதில் திரும்ப இன்னொரு 13. வீட்டுக்குள் வைக்கும் வைஃபை இவ்வளவு நேரம் பதிலுக்குக் காத்திருக்காது. அனுப்பியது தொலைந்துவிட்டது என்று நினைத்து அதையே மறுபடி அனுப்பும். தூரத்தைச் சரியாகச் சொல்லாவிட்டால் சிக்னல் கம்பம்போல் நின்றாலும் இணையம் ஊர்ந்துதான் வரும். வீட்டுக்காரர் பிளானைக் குறை சொல்வார், தம்பி டவரைக் குறை சொல்வார்.

பத்து வீடு இருக்கும்வரை இப்படிச் செய்யலாம். முந்நூறு வீடு ஆகும்போது என்ன நடக்கிறது? முந்நூறு ரேடியோவும் முந்நூறு விதமாக இருக்கும். சிலதில் பழைய மென்பொருள், சிலதில் புதியது. ஒன்றில் சக்தி கூட்டிவைத்திருக்கும், அதனால் பக்கத்து வீட்டுக்கு இரைச்சல். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த வீட்டில் என்ன போட்டோம் என்பது அந்தத் தம்பியின் நினைவில் மட்டும் இருக்கும், அல்லது அவர் செல்போனில். அவருக்கு வளைகுடாவில் வேலை கிடைத்துப் போய்விட்டால் வலைப்பின்னலின் பாதி அவரோடு விமானம் ஏறிவிடும். நம் மாவட்டத்தில் இது கற்பனைக் கதையாக யாருக்கும் படாது.

ஆகவே, ரேடியோ ஒன்றும் தெரியாமல் வீட்டுக்கு வர வேண்டும். வந்த பிறகு, தான் யார் என்று நடுவில் ஒரு சர்வரில் உள்ள ஏட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இதைத்தான் வாடிக்கையாளர் ரேடியோவைத் தானாக அமைத்துக்கொள்ளச் செய்வது என்கிறோம்.

கேபிள் மோடத்துக்கு இது சுலபம். கம்பி செருகியிருக்கிறது, கம்பி வழியே கேட்டுவிடும். ரேடியோவுக்கு ஒரு முடிச்சு இருக்கிறது. செட்டிங் கிடைக்க வேண்டுமென்றால் வலைப்பின்னலோடு சேர வேண்டும். சேர வேண்டுமென்றால் சானலும் கடவுச்சொல்லும் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கப் பல வழிகள் உண்டு. செல்போன் கம்பெனிக்காரர் சிம் அட்டையை வைத்து அவிழ்க்கிறார். அடையாளமும் ரகசியச் சாவியும் அந்தச் சில்லுக்குள் இருக்கின்றன. திறந்த அலைவரிசையில் வேலை செய்பவர்களில் சிலர், கடையிலேயே பெட்டியைப் பிரித்து, டவரோடு சேர்வதற்கு வேண்டிய குறைந்தபட்ச விவரத்தை மட்டும் எல்லா ரேடியோவுக்கும் ஒரே மாதிரி ஏற்றி அனுப்புகிறார்கள். வேறு சிலர் டவரில் ஒரு வரவேற்பறை வைக்கிறார்கள்: புதிய ரேடியோ எல்லாச் சானலையும் துழாவி அந்தப் பொதுப் பெயரைக் கண்டுபிடித்துச் சேரும். அங்கிருந்து இணையத்துக்குப் போக முடியாது; செட்டிங் கொடுக்கும் சர்வரிடம் மட்டும் பேச முடியும்.

தமிழ்நாடு இந்தக் கேள்வியை இன்று நேற்றுப் புதிதாகச் சந்திக்கவில்லை. தொண்ணூறுகளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான டெநெட் குழுவும் மிடாஸ் கம்யூனிகேஷன் நிறுவனமும் சேர்ந்து கோர்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கினார்கள். வீட்டுச் சுவரில் வால்செட் என்று ஒரு பெட்டி. டவரிலிருந்து 10 கிலோமீட்டர் வரை எட்டும். பேசிக்கொண்டே இணையம் பார்த்தால் 35 கிலோபிட், பேசாதபோது 70 கிலோபிட். 2001 முதல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் இதை வைத்து இணைய மையங்கள் நடந்தன. இன்றைய கணக்கில் அந்த வேகம் மிகவும் குறைவு. ஆனால் அதில் ஒரு சிறப்பு இருந்தது. எந்தச் சானலில் பேசுவது என்று யாரும் எழுதிவைக்க வேண்டியதில்லை. சுற்றியுள்ள அலைகளைக் கேட்டுப் பார்த்து, 120 சானல்களில் அந்த நேரத்துக்கு இரைச்சல் குறைந்ததை வால்செட்டே எடுத்துக்கொள்ளும். ஒரு கிராமத்தில் அலைவரிசைத் திட்டம் போட நிபுணர் தேவைப்படவில்லை. கிராமத்துக்குக் கருவி செய்பவர் கிராமத்தில் நிபுணர் இருப்பார் என்று நம்பிச் செய்யக்கூடாது என்ற தெளிவு அந்தப் பொறியாளர்களுக்கு அன்றே இருந்தது. அவர்களை இந்த மேடையில் நன்றியோடு நினைக்கிறேன்.

அடுத்தது தேனி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் உலகம் படித்த பாடங்களில் பல நம் தேனி மாவட்டத்து மாடிகளில் படித்தவை. மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலும் ஒரு மருத்துவமனை இருக்கிறது. சுற்றுவட்டார ஊர்களில் சின்னக் கண் மையங்கள் திறந்தார்கள். அங்கே மருத்துவர் இருக்கமாட்டார். பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் உள்ள மருத்துவர் வீடியோவில் நோயாளியிடமே பேசி முடிவு சொல்வார். இதற்கு வேண்டிய இணைப்பை 2005, 2006 வாக்கில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எரிக் புரூயரின் குழு சாதாரண வைஃபை ரேடியோக்களை வைத்தே அமைத்துக்கொடுத்தது. நான் முன்பு சொன்ன அந்தப் பதிலுக்குக் காத்திருக்கும் சிக்கலுக்கு, இரு முனையும் முறைபோட்டுப் பேசும்படி மென்பொருளை மாற்றி எழுதினார்கள். ஆயிரக்கணக்கான கிராமத்து மக்கள் பஸ் ஏறாமல் மருத்துவரைப் பார்த்தார்கள்.

வேகத்தைச் சாதித்தது ஒரு பங்கு. அந்த வலைப்பின்னலை உயிரோடு வைத்திருந்தது அதைவிடப் பெரிய பங்கு. அந்த அனுபவத்தை அவர்கள் ஒளிவுமறைவில்லாமல் 2008-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். கிராமத்து மின்சாரத்தை அளந்தபோது 500 வோல்ட்டைத் தாண்டும் பாய்ச்சல்கள் பதிவாயின. கோளாறுகளில் மிகப் பெரும்பாலானவை மின்சாரத்தால் வந்தவை. ரேடியோ தன் நினைவு அட்டையில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அட்டை கெட்டுவிடும். செட்டிங் மொத்தமும் அழிந்துவிடும். அதனால் இயக்க மென்பொருளை எழுத முடியாத, படிக்க மட்டும் முடிகிற பகுதியில் வைத்தார்கள்.

இன்னொரு பாடம் எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளூர்ப் பணியாளர்கள் நல்ல எண்ணத்தோடு இணைப்பைச் சரிசெய்யப் போய், ஐ.பி. முகவரியை மாற்றிவிடுவார்கள். அதன்பிறகு அந்த ரேடியோவைத் தூரத்திலிருந்து யாராலும் தொட முடியாது. அதற்காக யாரையும் திட்டவில்லை. மனிதர் கொடுக்கும் முகவரி எதுவாக இருந்தாலும், ஒவ்வொரு ரேடியோவுக்கும் அது தானாகவே வைத்துக்கொள்ளும் இன்னொரு முகவரி இருக்கும்படி செய்தார்கள். அதைக் கொண்டு அடுத்த முனையிலிருந்து உள்ளே நுழைந்து சரிசெய்துவிடலாம். அதோடு, வெளியிலிருந்து ரேடியோவைத் தேடிப் போவதற்குப் பதிலாக, ரேடியோவே அவ்வப்போது வெளியே உள்ள சர்வரைக் கூப்பிட்டு நலம் சொல்லும்படி அமைத்தார்கள். சர்வர் கூப்பிட்டால் வழியில் உள்ள தடுப்புகளைத் தாண்டி ரேடியோவை எட்ட முடியாது. ரேடியோ கூப்பிட்டால் எட்டிவிடும். உள்ளிருப்பவர் வெளியே கூப்பிட வேண்டும் என்ற இந்த ஒழுங்குதான் இன்றைய தானியங்கி அமைப்பு முறைகள் பலவற்றுக்கும் அடிப்படை.

அந்த ஒழுங்குக்கு உலகப் பொதுவான ஒரு வடிவம் 2004 மே மாதமே வந்திருந்தது. அப்போது டி.எஸ்.எல். ஃபோரம் என்றிருந்து பிறகு பிராட்பேண்ட் ஃபோரம் ஆன அமைப்பு வெளியிட்ட டி.ஆர்.-069 என்ற நெறிமுறை அது. 2018-இல் அதன் அடுத்த தலைமுறையான டி.ஆர்.-369 வந்தது. பெயர்கள் மிரட்டினாலும் நடப்பது நம் ஊருக்குப் பழகிய காரியம்தான். விடியுமுன் தோவாளைச் சந்தையில் வந்து இறங்கும் பூச்சாக்கை நினைத்துக்கொள்ளுங்கள். சாக்கின்மேல் ஓர் அடையாளச் சீட்டு இருக்கும், அவ்வளவுதான். அது யாருடைய சரக்கு, யார் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்பதெல்லாம் கமிஷன் கடைக்காரரின் ஏட்டில் இருக்கும். ரேடியோவும் அப்படித்தான் ஓர் அடையாளத்தோடு வருகிறது: மேக் எண் என்ற பன்னிரண்டு எழுத்துகள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும்.

மாடியில் ரேடியோவுக்கு மின்சாரம் கொடுத்தாயிற்று. அது சானல்களைத் துழாவி டவரின் வரவேற்பறையில் சேர்கிறது. எனக்கு ஒரு முகவரி கொடுங்கள் என்று டி.எச்.சி.பி. முறையில் கேட்கிறது. முகவரியோடு கூடவே, செட்டிங் சர்வர் எங்கே இருக்கிறது என்ற தகவலும் வருகிறது. ரேடியோ அந்த சர்வரைக் கூப்பிட்டு, நான் இந்தக் கம்பெனித் தயாரிப்பு, என் வரிசை எண் இது, என் மென்பொருள் இந்தப் பதிப்பு என்று அறிவிக்கிறது. சர்வர் ஏட்டைப் புரட்டுகிறது: இந்த எண் கடுக்கரையில் இன்ன வீட்டுக்கு, பிளான் இது, பயனர் பெயர் இது. மென்பொருள் பழையதாக இருந்தால் முதலில் புதியதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. பிறகு செட்டிங் ஒவ்வொன்றாக இறங்குகிறது. ரேடியோ ஒருமுறை அணைந்து எரிகிறது. இந்தத் தடவை அந்த வீட்டு ரேடியோவாக எழுந்திருக்கிறது. தம்பி கருவிப் பையைக் கட்டுவதற்குள் கீழே வீட்டுக்குள் இணையம் வந்துவிடும். மடிக்கணினிக்கு அங்கே வேலை இல்லை. இடி விழுந்து அந்த ரேடியோ போனால் புதியதை மாட்டி, ஏட்டில் பழைய எண்ணை அடித்துப் புது எண்ணை எழுதினால் போதும். மற்றதெல்லாம் முன்பிருந்தபடியே வந்து இறங்கும்.

சாக்கின் சீட்டை வேறு ஒருவரும் எழுதி ஒட்டலாமே என்று நீங்கள் கேட்பது நியாயம். மேக் எண்ணை நகல் எடுக்க முடியும். ஆகவே அதை மட்டும் நம்பிக் கதவைத் திறக்கக்கூடாது. தொழிற்சாலையிலேயே ரேடியோவுக்குள் வைக்கப்படும் டிஜிட்டல் சான்றிதழை சர்வர் சோதிக்க வேண்டும்; சர்வரின் சான்றிதழை ரேடியோவும் சோதிக்க வேண்டும். இந்த இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது பெரிய ஆபத்து, பின்னால் சொல்கிறேன்.

இந்த முறையில் தவறு நடந்தால் அதுவும் தானாகவே, ஒரே நேரத்தில், எல்லா வீட்டிலும் நடக்கும். கையால் தட்டினால் ஒரு வீடு கெடும். ஏட்டில் ஒரு வரி தப்பானால் முந்நூறு வீடு இருளும். டவரின் சானலை மாற்ற வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். டவரை முதலில் மாற்றிவிட்டு ரேடியோக்களுக்குப் பிறகு சொல்லலாம் என்று நினைத்தால், சொல்ல வழியே இருக்காது. ரேடியோக்களுக்கு முதலில் சொல்ல வேண்டும்: பழைய சானல் கிடைக்காவிட்டால் இந்தப் புதிய சானலில் தேடு என்று. எல்லாம் கேட்டுக்கொண்டதை உறுதி செய்த பிறகுதான் டவரைத் தொட வேண்டும். இன்னொரு காப்பு, தற்காலிக மாற்றம். புதிய செட்டிங்கை ரேடியோ போட்டுப் பார்க்கும். குறித்த நிமிடங்களுக்குள் சர்வரோடு பேச முடியாவிட்டால் பழைய செட்டிங்குக்குத் தானே திரும்பிவிடும். நல்ல கருவிகளில் இந்த வசதி உண்டு. இல்லாத கருவியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள் என்றுதான் நான் ஆபரேட்டர்களிடம் சொல்கிறேன். ஒருமுறை முந்நூறு மாடி ஏறி இறங்கினால் அந்த மலிவு எங்கே போயிற்று என்று தெரிந்துவிடும்.

நம் பகுதிக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். கணவாய்க் காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதே அதற்குச் சாட்சி. அந்தக் காற்று குழாயை ஆட்டும், டிஷ்ஷின் முகத்தைத் திருப்பும். எந்த வீட்டின் சிக்னல் நேற்றைவிட இன்று குறைந்திருக்கிறது என்று ரேடியோக்களே தினமும் சர்வரிடம் சொல்லிக்கொண்டிருந்தால், வீட்டுக்காரர் போன் செய்வதற்கு முன்பே ஆள் போய் போல்ட்டை முறுக்கலாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். குமரி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. மரம் விழாத தெரு இல்லை. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, செல்போனும் இல்லை. கடலுக்குப் போனவர்களைப் பற்றித் தகவல் இல்லாமல் குடும்பங்கள் தவித்தன. அப்படியொரு நாளில் வலைப்பின்னலை மீண்டும் எழுப்ப வேண்டியவர் கையில் என்ன இருக்க வேண்டும்? செட்டிங் தெரிந்த ஒரே ஆளைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. குழாய் நட்டு டிஷ் திருப்பத் தெரிந்த யாரும், எலெக்ட்ரீஷியனோ கேபிள் டி.வி. தம்பியோ, எந்தப் பெட்டியையும் எடுத்து எந்த மாடியிலும் மாட்டலாம் என்ற நிலை இருக்க வேண்டும். ஊராட்சி அலுவலகம், ஆரம்ப சுகாதார நிலையம், முகாம் நடக்கும் பள்ளிக்கூடம் என்று வரிசைப்படி இணைப்பு எழுந்துவிடும். பேரிடர் ஒத்திகைகளில் இதையும் சேர்க்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தை இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது, முன்பு குறிப்பிட்ட அந்த ஆபத்து. எல்லாப் பெட்டியையும் ஒரே இடத்திலிருந்து ஆட்டிவைக்கலாம் என்றால், தவறான கைக்கும் அது ஆசை காட்டும். டி.ஆர்.-069 முறையில் சர்வர் ரேடியோவைத் தட்டி எழுப்புவதற்கு 7547 என்று எண்ணிட்ட ஒரு கதவு உண்டு. சர்வருக்கு மட்டும் திறக்க வேண்டிய அந்தக் கதவை உலகத்துக்கே திறந்து வைத்தவர்கள் பலர். 2016 நவம்பர் கடைசியில், மிராய் என்ற தீநிரலின் ஒரு வகை உலகம் முழுக்க அந்தக் கதவைத் தட்டியது. ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்களில் சுமார் 9 லட்சம் பேரின் இணைப்பு அதில் துண்டிக்கப்பட்டது. அடுத்த வருஷம் ஜூலையில் நம் நாட்டில் பி.எஸ்.என்.எல். மோடம்கள் தீநிரலால் முடங்கின. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட மோடம்கள் அதில் சிக்கின. கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று அந்த நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கடவுச்சொல்லை மாற்றுகிற பொறுப்பைத் தோப்பு வீட்டுப் பாட்டியிடம் ஒப்படைக்கக்கூடாது. அந்தப் பொறுப்பை ஏற்பதற்காகத்தான் தானியங்கி அமைப்பு இருக்கிறது. முதல் நாளிலேயே ஒவ்வொரு ரேடியோவுக்கும் வெவ்வேறு நீண்ட கடவுச்சொல்லை சர்வர் வைத்துவிட வேண்டும். ரேடியோவின் நிர்வாகப் பக்கம் ஆபரேட்டரின் உள்வலையில் மட்டும் தெரிய வேண்டும். ரேடியோவும் சர்வரும் பேசுவது மறைகுறியாக்கத்தில் நடக்க வேண்டும், இருபக்கச் சான்றிதழோடு. ரேடியோ சர்வரைச் சோதிக்காவிட்டால், நடுவில் ஒரு போலி சர்வரை வைத்து எவனோ ஒருவன் வீடுகளுக்கெல்லாம் தன் செட்டிங்கை இறக்கிவிடலாம்.

கடைசியாக, அந்த ஏடு யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வி. ரேடியோ தயாரிக்கும் கம்பெனிகள் பலவும் தங்கள் சர்வரையே தருகின்றன. வசதிதான். தொடங்கும்போது அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் கம்பெனி ஒரு மாடலைக் கைவிட்டாலோ, கட்டணத்தை ஏற்றினாலோ, உங்கள் ஊர் வீடுகளின் பட்டியலே அவர்கள் கையில் இருக்கும். ஏட்டின் ஒரு பிரதி எப்போதும் ஆபரேட்டரின் சொந்தக் கணினியில், அவருக்குப் படிக்கத் தெரிந்த வடிவத்தில் இருக்க வேண்டும். ஜெனி ஏ.சி.எஸ். போன்ற கட்டற்ற மென்பொருள் சர்வர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓபன்டபிள்யூ.ஆர்.டி. என்ற மென்பொருள் போட்ட ரேடியோவுக்கு வேண்டியபடி நிரல் எழுதிக்கொள்ளலாம். பாலிடெக்னிக் படித்த நம் பிள்ளைகள் சில வாரங்கள் உட்கார்ந்தால் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை இது. நாகர்கோவிலைச் சுற்றி எத்தனை பொறியியல் கல்லூரிகள், எத்தனை பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன! அவற்றின் ஆய்வுக்கூடங்களில் ஒரு டவர் ரேடியோ, நாலைந்து வாடிக்கையாளர் ரேடியோ, ஒரு பழைய கணினி வைத்து இதைச் சொல்லிக்கொடுக்கலாம். படித்த பிள்ளை ஊரிலேயே இருந்து செய்யக்கூடிய தொழில் இது.

அதனால் என் வேண்டுகோளை மூன்று தரப்பாரிடம் நேராகவே வைக்கிறேன். இணையச் சேவை நடத்தும் அண்ணாச்சிமாரே, அடுத்த ரேடியோவை மாட்டுவதற்கு முன்னால் ஏட்டைத் தொடங்குங்கள். மேக் எண், வீடு, மாட்டிய தேதி, மாட்டிய அன்று காட்டிய சிக்னல் என்று இந்த நான்கு மட்டும் முதலில் போதும். சர்வர் பிறகு வரட்டும். தம்பி தங்கையரே, தேனியில் படித்த பாடங்களைத் தேடிப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருக்கின்றன, இலவசமாகவே கிடைக்கின்றன, படித்ததைத் தமிழில் எழுதுங்கள். வீட்டுக்காரர்களே, உங்கள் மாடிக்கு இணைப்புக் கொடுக்க வருபவரிடம் வேகமும் விலையும் கேட்ட பிறகு இந்த ஒன்றையும் கேளுங்கள்: இந்தப் பெட்டி கெட்டுப்போய், நீங்களும் ஊரில் இல்லாவிட்டால், வேறொருவர் வந்து புதுப் பெட்டியை மாட்டினால் இணைப்பு வருமா? வரும் என்று சொல்பவரிடம் வாங்குங்கள்.